டாக்டரிடம் பேரம்

ஆம்பூர் மண்டியில் பதனிடாத பச்சைத் தோல் வாங்கும்போது ஜியாவுல்லா சாயபு விலையை வாயால் சொல்லமாட்டார். துண்டுக்கு அடியில் தரகரின் விரல்களைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும். விற்பவன் குறையைச் சொல்லமாட்டான்; கத்தி வெட்டோ, உண்ணிக் கடியோ, தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பது வாங்குகிறவனின் சாமர்த்தியம். தோல் முதல் தரமாக இருந்தாலும், "இன்னாப்பா இது, சல்லடை மாதிரி கீது" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். இல்லாவிட்டால் தரகன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான்.

இந்தப் பழக்கத்தை மனுஷர் மண்டியோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். டாக்டர் வீடு வரைக்கும் கொண்டுபோனதுதான் வினையாய் முடிந்தது.

அது 1927-ஆம் வருஷம். எல்.எம்.பி. படித்த தேவசகாயம் டாக்டர் கடைத்தெருவில் வைத்தியசாலை திறந்த புதிது. சாயபுவின் மனைவி அக்தரி பேகத்துக்கு ஒரு மாதமாக ஓயாத இருமல். திரைமறைவில் இருக்கும் கோஷாப் பெண் வெளியே வரக்கூடாது என்று சாயபு தாமே போய் நோயைச் சொல்லி மருந்து கேட்டார்.

"வேற எங்கியாவது மருந்து வாங்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லியே."

சந்தைக்கு வந்த லேகியக்காரர் ஒருவரிடம் ஏற்கெனவே ஒரு சாடி வாங்கி, வேளைக்கு ஓர் உருண்டை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்று கைவிட்டாலும் ஒன்று பிடிக்கும் என்ற யோசனை. அதை டாக்டரிடம் ஏன் சொல்ல வேண்டும்? கெட்டிக்காரராயிருந்தால் அவரே கண்டுபிடிக்கட்டுமே!

ஒரு வாரத்தில் இருமல் பாதியாய்க் குறைந்தது. மறுபடி மருந்துக்குப் போனார். டாக்டர், "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டதும் சாயபு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க மருந்து ஒண்ணும் பிரயோஜனம் இல்லே டாக்டர்."

குணம் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டால் டாக்டருக்குத் தலைக்கனம் ஏறி, அடுத்த புட்டியை ஏனோதானோ என்று கலக்கிவிடுவார் என்பது அவர் நினைப்பு. பாவம், டாக்டர் அதை நம்பினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மருந்தின் அளவைக் கூட்டிக் கலந்து கொடுத்தார்.

மறுநாள் வெயில் ஏறியும் அக்தரி பேகம் எழுந்திருக்கவில்லை. சாயபுவின் தங்கை சுகரா பேகம் போய்த் தோளை உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகத் துவண்டு விழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் உயிர் போய்விட்டதோ என்று பயமாயிருந்தது. சுகரா போட்ட கூச்சலில் ஓடிவந்த சாயபு மனைவியின் கன்னத்தைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

டாக்டரை அழைத்துவர ஜட்கா வண்டி ஓடியது. டாக்டர் வந்தார். அன்றைக்குக் கோஷாவை யாரும் நினைக்கவில்லை. சுகரா மட்டும் திரைக்குப் பின்னால் நின்றாள். டாக்டர் நோயாளியின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்மணி கடுகாட்டம் சுருங்கியிருக்கு. இது அபின் செஞ்ச வேலை. என் மருந்துல அபின் கொஞ்சம் இருக்கு. அது இந்த அளவுக்குக் கொண்டுவிடாது. வேற இன்னா குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லே டாக்டர்."

சொன்ன பிறகு சாயபுவுக்கே தூக்கிவாரிப் போட்டது. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், வாய் பழக்கதோஷத்தில் பொய் சொல்லிவிட்டதே! மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

டாக்டரின் முகம் வெளுத்துப்போயிற்று. "அப்போ என் மருந்துதான் தப்பா? நானா இப்படிப் பண்ணிட்டேன்?"

"லேகியம் குடுத்தாங்க டாக்டர்!"

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் அது. அந்நிய ஆண் எவனும் அதுவரை கேட்டிராத குரல். அடுத்த நொடி சுகராவே சாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "ஒரு மாசமா குடுக்கறாங்க. நேத்து ராத்திரியும் குடுத்தாங்க."

டாக்டர் சாடியை முகர்ந்தார். அபின் வாடை குப்பென்று அடித்தது.

சாயபு தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொண்ணும் இருக்கு டாக்டர். இருமல் பாதி குறைஞ்சிருந்துச்சு. நான்தான் குறையலேன்னு சொன்னேன்."

"அட பாவி மனுஷா! உங்க பேச்சை நம்பித்தானே அளவைக் கூட்டினேன்? உங்க சம்சாரத்தை என் கையால கொல்ல வச்சிருப்பீங்களே!"

அதற்குமேல் பேச நேரமில்லை. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். ஊசி போட்டார். கடுங்காப்பி புகட்டச் சொன்னார். "நடத்திக்கிட்டே இருங்க. தூங்க விட்டா மூச்சு நின்னுடும்." அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு தோளைத் தாங்கிக் கூடத்தில் மேலும் கீழும் இழுத்து நடந்தார்கள். அவள் சரியும்போதெல்லாம் சாயபு கன்னத்தில் தட்டினார், தட்டிவிட்டு அழுதார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தபோது, "விடுங்க, கால் வலிக்குது" என்று அக்தரி முனகினாள். சாயபு வாய்விட்டு அழுதுவிட்டார்.

நடந்ததையெல்லாம் சுகரா சொல்லக் கேட்டபின் அக்தரி புருஷன் பக்கம் திரும்பினாள். "டாக்டர் வாய்விட்டுக் கேட்டாரே. உள்ளதைச் சொல்லியிருந்தா உங்களுக்கு இன்னா கொறைஞ்சுபோயிருக்கும்?"



டாக்டர் பையை மூடினார். "சாயபு, நாடியும் கண்ணும் பாதிதான் சொல்லும். மீதியை வீட்டுக்காரங்கதான் சொல்லணும். லேகியம் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அபின் ஒரு சொட்டு சேர்த்திருக்கமாட்டேன். நீங்க மறைச்சீங்க பாருங்க, அதுதான் விஷமாச்சு." சொல்லிவிட்டு எழுந்தார்.

"டாக்டர், கொஞ்சம் உக்காருங்க." சாயபு அவர் பையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு வருஷமா நெஞ்சுல வலி வருது. படி ஏறினா ஜாஸ்தியாவுது. ஒருத்தருக்கும் சொன்னதில்லே."

அக்தரி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். சுகரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் மறுபடி உட்கார்ந்து பையைத் திறந்தார். "சொல்லுங்க. ஒண்ணுவிடாம சொல்லுங்க சாயபு. நீங்க சொன்னாத்தான் நான் வைத்தியன்" என்றார்.