மஃரிபுக்கு வந்த காலடி

ருஷ்தி என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் ஒட்டிக்கொண்டேன். எனக்கு வெஸ்ட்மீட் ஸ்டேஷன் படிக்கட்டே ஒரு மலை. அப்படிப்பட்டவன் சிட்னியிலிருந்து இரண்டு நாள் காரில் வந்து, புரோக்கன் ஹில்லையும் தாண்டி, ஆள் அரவமற்ற பாலைவனப் பள்ளத்தாக்கில் முதுகில் எட்டு லீட்டர் தண்ணீரோடு நடக்கிறேன் என்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும். இருந்தது. அவன் மறுபடியும் என் பக்கத்தில் நின்று தொழ வேண்டும். ஒரு வேளை, ஒரே ஒரு வக்தாவது.

பரமட்டாவில் இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. அவன் ஆறாம் மாடி, நான் மூன்றாம் மாடி. பதினாறு வருடம் பகல் தொழுகையான லுஹரை நாலாம் மாடி அவசரப் படிக்கட்டின் மூலையில் தொழுதோம். தான் இரண்டு மாடி இறங்குவதால் தனக்குத்தான் நன்மை கூட என்பான். ஏறி வருகிறவனுக்குத்தான் கூட என்று நான் சண்டை பிடிப்பேன். இரண்டு பேர் சேர்ந்தாலே ஜமாஅத், கூட்டுத் தொழுகை. ஒருவன் தொழுவிக்க, மற்றவன் அவனுக்கு வலது பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நிற்பான். ருஷ்திக்குத் தொழுவிக்கக் கூச்சம். அதனால் எப்போதும் நான் இமாம், அவன் வலது பக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி ஃபாஹிமா நோயில் மௌத்தானாள். நாற்பத்து நாலு வயது. அவன் வேலைக்குத் திரும்பி வந்த அன்று படிக்கட்டில் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மேலே போய்க் கேட்டேன்.

"இறங்கி வர மனமில்ல மச்சான்," என்றான்.

பொறுமை, பொறுமை என்று எல்லோரையும் போல நானும் சொன்னேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு அவன் சனி, ஞாயிறுகளில் பூட்ஸைக் கட்டிக்கொண்டு காடு மலை என்று போகத் தொடங்கினான். டூங்கபியில் என் வீடு நிறைய ஆட்கள்தான். ஆனாலும் அந்தப் படிக்கட்டில் தனியே நிற்பது எனக்குப் பழகவே இல்லை.

பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர். நடுவே வறண்ட ஓடை. அவன் முன்னால் போனான். நாள் முழுக்கப் பேசியது பத்து வார்த்தை இருக்கும், அதில் பாதி, "பாத்து, கல் பெயரும்." நான் கொண்டுவந்த கதைகளையெல்லாம் பகல் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லித் தீர்த்துவிட்டேன். அவ்வளவு பெரிய இடத்தில் இரண்டு பேர் பேசாமல் நடப்பதற்குத் தனியே நடப்பது எவ்வளவோ மேல்.

பொழுது சாயும்போது ஓடை வளைவில், ஒரு பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் தங்கினோம். சூரியன் மறைந்ததும், "மஃரிப் நேரமாச்சு," என்றேன், யாருக்கோ சொல்வதுபோல.

"என்ட தண்ணிய எடுத்து ஒளு செய். மிச்சம் எனக்குக் காணும்."

"நாளைக்குக் குடிக்க வேணும். தயம்மும் செய்யிறன்."

தொழுகைக்கு முன் தண்ணீரால் செய்யும் ஒளுவுக்குப் பதிலாக, தட்டுப்பாட்டில் மண்ணால் செய்துகொள்ளும் சுத்தம் அது. கையை மண்ணில் அடித்து முகத்திலும் கைகளிலும் தடவினேன். சிவப்புத் தூள் தாடியில் அப்பிக்கொண்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருதோண்டி போட்ட கிழட்டு மாப்பிள மாதிரி இருக்காய்," என்றான்.

இரண்டு வருடத்தில் அவன் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தரம். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பையை வலது பக்கப் பாறையில் சாய்த்துவிட்டு, போனில் கிப்லாத் திசை பார்த்து, தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றேன். மெதுவாகத்தான் ஓதத் தொடங்கினேன். பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. காலடி வந்து என் வலது பக்கத்தில், சற்றுப் பின்னால் நின்றது. தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவும் தேவையில்லை, பதினாறு வருடம் அந்த மூச்சைக் கேட்டவன் நான்.

குரலை உயர்த்தினேன். நான் இப்போது தனி ஆள் இல்லை, இமாம். குர்ஆனின் முதல் சூராவான அல்ஹம்துவைப் பள்ளத்தாக்கு நிறைய ஓதினேன். கண் கலங்கியது, மறைப்பானேன். முடித்துவிட்டு, பின்னால் நிற்பவன் சொல்ல வேண்டிய ஆமீனுக்காகப் பொறுத்தேன். வரவில்லை. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த தொண்டை, கேட்டதும் திறக்குமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயணத்தில் நாலு ரக்அத் தொழுகைகள் இரண்டு சுற்றாகச் சுருங்கும். மஃரிப் மட்டும் மூன்றுதான். அந்த மூன்றையும் ஆற அமரத் தொழுவித்தேன். நெற்றியை மண்ணில் வைத்த ஸுஜூதில் அவனுக்காகக் கேட்டேன், ஃபாஹிமாவுக்காகவும் கேட்டேன்.

கடைசியில் வலது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். பாறை இருந்தது. பை திறந்து கிடந்தது.

இடது பக்கமும் சொல்லித்தானே முடிக்க வேண்டும், சொன்னேன்.

ருஷ்தி மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். அவனுக்கு முன்னால் என் பையில் இருந்த கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவன் திரும்பிப் போன காலடி எனக்கே கேட்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அடுப்பெடுக்கவா வந்தாய்?"

"ஓம்."

கோப்பையை நீட்டினான். தேத்தண்ணி, எனக்குச் சீனி இல்லாமல். அதை மட்டும் அவன் மறக்கவில்லை.

"நீ சத்தமா ஓதத் தொடங்கினாய். ஏனெண்டு விளங்கிச்சு. அதான் கொஞ்சம் நிண்டனான்," என்றான்.

"எவ்வளவு நேரம்?"

"அல்ஹம்து முடியிற வரைக்கும். ஆமீன் சொல்லுவம் எண்டுதான் பாத்தன். ஏலாமப் போச்சு மச்சான். ஆஸ்பத்திரியில அவளுக்காக எத்தின பேர் வந்து துஆக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் நான்தானே ஆமீன் சொன்னனான்."

அடுப்பை அணைத்தான்.

"இதுக்கெண்டு இனி வராத, ஜலால். நடக்க எண்டா வா."

இரண்டு வருடம் மனதுக்குள் அவனைக் குறை சொன்னேன். அவன் எத்தனை ஆமீன் சொல்லிக் களைத்தான் என்று ஒரு தரமாவது கேட்டேனா? வெட்கமாக இருந்தது.

இரவுத் தொழுகையான இஷாவுக்கு நேரம் வந்ததும் எழும்பினேன். அதுவும் சத்தமாக ஓதும் தொழுகைதான். ஆனால் என் காதுக்கு மட்டும் எட்டுகிற அளவில் ஓதினேன். மறுபடியும் அவனை நிற்க வைக்க மனம் வரவில்லை. இரண்டே ரக்அத். முடித்து ஸலாமுக்கு வலது பக்கம் திரும்பும்போது, அவன் நிற்கிறானா என்று பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.