கேஸ் அடுப்பும் ஹேமநாதனின் பறையும்

என் மகள் ஷாமினியை விசாரிக்க உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட ஓட்டுப் போடும் வயது ஆகவில்லை. நடு நாற்காலியில் இருந்த மாதவி, போன வருடம் வரை எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறிக் கொண்டிருந்தவள். இவள் கையிலா என் பிள்ளையின் எதிர்காலம் மாட்ட வேண்டும் என்று எனக்கு வயிறு எரிந்தது.

பெடாஸ் டவுனைத் தாண்டி உள்ளே, எங்கள் எஸ்டேட் கோயில் மண்டபத்தில்தான் விசாரணை. இளையோர் மன்றம் என்று பெயர். சிரம்பானிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்து ஆரம்பித்து வைத்தது. பிள்ளைகள் செய்த குற்றத்தைப் பிள்ளைகளே விசாரிப்பார்கள். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் போலீஸ், கோர்ட் என்று அலையாமல் இங்கேயே முடிந்துவிடும். பெற்றவர்கள் பின்னால் உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. என்னைப் போன்றவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

புகார் கொடுத்தவன் ஹேமநாதன், ரெம்பாவ் ஊர்ப் பறைக் குழுவின் தலைவன். திருவிழாவுக்காக அவன் கோயிலில் வைத்துவிட்டுப் போன பறை மறுநாள் கிழிந்து கிடந்தது. யார் செய்தது என்று அவன் சத்தம் போட்டபோது, முந்தின நாள் கோயிலில் கடைசியாக இருந்தவள் ஷாமினிதான் என்று எல்லாரும் அவளைப் பார்க்க, அவளே முன்னால் வந்து, "நான்தான் கத்தியால கிழிச்சேன்" என்றாள். அவள் எங்கள் எஸ்டேட் பெண்பிள்ளைகளின் குழுவில் பறை அடிக்கிறவள். இரண்டு குழுவுக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் அவள் தோழிகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடினார்கள். ஹேமநாதன் நேராகப் போலீஸுக்குப் போய் ரிப்போர்ட் செய்துவிட்டான்.

மன்றத்துக்கு வரச் சம்மதித்தவன் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தான். தெரியாமல் நடந்தது என்றால் விட்டுவிடுவான். வேண்டுமென்றே கிழித்தது என்றால் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கமாட்டான். ஷாமினிக்கு இந்த வருடம் எஸ்பிஎம், பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை. தாதியாக வேண்டும் என்று ஆசை. போலீஸ் கேஸ் உள்ள பெண்ணை எந்தக் காலேஜில் எடுப்பார்கள்?

"கத்தியாலதான் கிழிச்சியா?" என்று மாதவி கேட்டாள்.

"ஆமா."

"வேணும்னேவா?"

"ஆமா. வேணும்னேதான்."

"அடிப்பாவி, ஏன்டி இப்படிச் சொல்ற?" என்று எழுந்தேவிட்டேன்.

"ஆன்ட்டி, பேசக்கூடாது. உக்காருங்க" என்றாள் மாதவி. ரம்புத்தான் திருடித் தின்றவள் என்னை அதட்டுகிறாள்! உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அப்போது ஐந்து பேரில் ஓரத்தில் இருந்த புனிதன், அந்தப் பறையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டான். ஒல்லிக்குச்சிப் பையன், அவனும் எங்கேயோ பறை பழகுகிறவன்தான். ஹேமநாதன் எடுத்துக் கொடுத்தான். புனிதன் அதைத் திருப்பி, சட்டத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்தான். விரல் கரியாக வந்தது. மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினான். அவளும் மோந்து பார்த்து, "பொசுங்கின வாடை" என்று முகத்தைச் சுளித்தாள்.

"ஷாமினி, இத எதுல காய்ச்சின?" என்றான் புனிதன்.



பறை அடிப்பதற்கு முன்னால் சருகையோ பழைய பேப்பரையோ கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காய்ச்சுவார்கள். தோல் இறுகி, சத்தம் கணீரென்று வரும். கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். தினமும் வாசலில் இந்தப் புகையைத் தின்கிறவள் நான், எனக்கே இது தெரியும்.

"சருகா, பேப்பரா?"

"மழை பேஞ்சுச்சு. எல்லாம் ஈரம்" என்றாள் ஷாமினி.

"அப்ப எதுல?"

"கோயில் குசினியில... கேஸ் அடுப்புல வச்சேன்."

மண்டபமே ஒரு கணம் வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பைச் சொல்லி மாளாது. மாதவி மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

ஷாமினி அழ ஆரம்பித்தாள். "ஹேமநாதன் அண்ணன் பறையில சத்தம் சூப்பரா இருக்கும் லா. ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாக்கணும்னு ஆச. அடுப்புல வச்சதும் நடுவுல பொசுங்கி வெடிச்சிருச்சு. பொசுங்கினது தெரியக்கூடாதுன்னு கத்தியால அந்த எடத்த அறுத்துட்டேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றாள் மாதவி.

"பறை அடிக்கிறவளுக்குப் பறை காய்ச்சத் தெரியலன்னா மானம் போயிரும். அதுக்கு ரவுடின்னு பேரு வாங்கினாக்கூடப் பரவால்ல."

நான் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன், இவள் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள்! அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஐந்து பேரும் மூலையில் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். வேண்டுமென்றே செய்ததல்ல என்று மாதவி தீர்ப்புச் சொன்னாள். கேட்காமல் எடுத்ததற்கும் பொய் சொன்னதற்கும் தண்டனை உண்டு. புதுத் தோல் கட்டும்போது ஷாமினி கூட இருந்து உதவ வேண்டும். திருவிழா முடியும் வரை ரெம்பாவ் குழுவின் அத்தனை பறைகளையும் அவள்தான் காய்ச்சிக் கொடுக்க வேண்டும், ஹேமநாதன் கண்முன்னால்.

"என்ன சொல்றீங்கண்ணே?" என்று அவனைக் கேட்டாள்.

"ரிப்போர்ட்ட நாளைக்கே வாபஸ் வாங்கிர்றேன்" என்றான் ஹேமநாதன். பிறகு ஷாமினியைப் பார்த்து, "அடுப்புப் பக்கம் மட்டும் போயிராத, தாயே" என்று கும்பிட்டான்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. மாதவியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்த ஷாமினி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா, மண்டபத்துல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சது போதும். கேஸ் அடுப்பு விஷயத்த வேற யார்கிட்டயும் சொல்லாதம்மா. கூட்டாளிங்க சிரிப்பாங்க."

"சொல்லமாட்டேன்டி" என்றேன்.

ரோட்டோரக் கடையில் அவள் தண்ணீர் வாங்க இறங்கினாள். அவள் திரும்பி வருவதற்குள் என் அக்காவுக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.