இராஜம்மாவைக் கேட்கவும்

அந்தக் கல்லூரியில் லெட்சுமி என்று யாரும் இல்லை. மார்க்கிரட்டும் இல்லை. பூமணியும் இராஜம்மாவும்கூட இல்லை. இருந்தது ரமணி ஒருத்திதான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், யோகநாதன் வணிகக் கல்லூரியின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பாள். தொலைபேசி அடித்தால் எடுப்பதும், படியேறி வருகிறவர்களுக்குத் தட்டச்சு, கணக்குப் பதிவு வகுப்புகளைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சேர்த்துவிடுவதும் அவள் வேலை.

மற்ற நான்கு பேரும் விளம்பரங்களில் இருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை விளம்பரத்தின் அடியில் 'செல்வி லெட்சுமியைக் கேட்கவும்' என்று இருக்கும். ஆங்கிலப் பத்திரிகையில் அதே இடத்தில் மிஸ் மார்க்கிரட். தியேட்டரில் இடைவேளையின்போது காட்டும் ஸ்லைடில் பூமணி. அடுத்த நகரமான கிள்ளானின் பஸ் நிலையத்திலும் கடைத்தெருவிலும் கொடுக்கும் துண்டுத்தாளில் திருமதி இராஜம்மா. யாராவது தொலைபேசியில் "லெட்சுமி இருக்காங்களா?" என்றால் அவர் தமிழ்ப் பத்திரிகை பார்த்தவர் என்று தெரிந்துவிடும். "லெட்சுமிதான் பேசுறேன்" என்பாள் ரமணி. பேசி முடித்ததும் வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில், லெட்சுமிக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடுவாள். எந்த விளம்பரம் ஆளைக் கூட்டிவருகிறது, எது சும்மா கிடக்கிறது என்பது அந்தக் கோடுகளைப் பார்த்தால் தெரியும்.

நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கேட்டும் பார்த்தாகிவிட்டது. "எங்க பாத்து வந்தீங்க?" என்றால் எல்லாரும் "பேப்பர்ல" என்றே சொன்னார்கள். வீட்டில் பேப்பர் வாங்காதவர்களும் அதையே சொன்னார்கள். வடை மடித்துக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்தேன் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? பெயர் வைத்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. தான் வந்த வழியைச் சொல்கிறோம் என்று தெரியாமலே ஆள் சொல்லிவிடுகிறார்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர் முதலாளி யோகநாதன். யாழ்ப்பாணக் குடும்பம்; ரயில்வே அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எண்பத்து நாலாம் ஆண்டுத் தொடக்கத்தில், கிள்ளான் தாள் அச்சாகி வந்த அன்று, அவர் ரமணியிடம் ஒன்று சொன்னார்.

"இந்தத் தாள் வேலை செய்யுதெண்டால் கிள்ளானிலயே ஒரு கிளை திறப்பம் பிள்ளை. நீர்தான் பாக்க வேணும்."

ரமணியின் வீடு கிள்ளானில் இருந்தது. விடியுமுன் ஒரு பஸ்ஸில் கோலாலம்பூர், அங்கிருந்து மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ். சாயங்காலம் அதே பாதை தலைகீழாக. வீட்டுக்குள் நுழையும்போது கால் இரண்டும் மரத்துப்போயிருக்கும். கணவன் பாலன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். "நீ வர்ற நேரம் நான் கெளம்புற நேரம். நாம புருசன் பொண்டாட்டியா, ஷிப்ட் மாத்திக்கிற ஆளுங்களா?" என்று வாசலில் நின்று கேட்பான். அவள் சிரிப்பாள். பிறகு சிரிப்பதற்கும் அலுப்பாக இருந்தது. கிளை திறந்தால் நடந்தே வேலைக்குப் போகலாம். சோற்றைச் சூடாகச் சாப்பிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் இராஜம்மாவுக்கு நேரே கோடே விழவில்லை. லெட்சுமிக்கு விழுந்தது. பூமணிக்குக்கூட விழுந்தது. இராஜம்மா இருந்த இடம் கருப்பாகவே கிடந்தது.

"கிள்ளான் ஆக்களுக்குப் படிப்பில அக்கறை இல்லையோ?" என்றார் யோகநாதன்.

"நானும் கிள்ளான்தான் சார்."

"உம்மைச் சொல்லேல்லை பிள்ளை."

சாக்பீஸ் அவள் கையில்தான் இருந்தது. நான்கைந்து கோடு இழுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்கு அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் ஒரு பொய்க் கோடு விழுந்துவிட்டால் மெய்க் கோடுகளும் அதனோடு கெட்டுப்போகும். பிறகு பலகையைப் பார்த்து எதை நம்புவது? தராசுத் தட்டில் தானே விரலை வைத்துவிட்டு எடை பார்ப்பதுபோலத்தான். அவள் கோடு போடவில்லை.

ஒருநாள் ஓர் அம்மாவும் மகளும் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். அம்மாவின் பெயர் நல்லம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"யாரப் பாக்கணும்?" என்றாள் ரமணி.

"அக்காவத்தான்."

"எந்த அக்கா?"

"போன்ல பேசுனாங்களே, அந்த அக்கா."

"பேரு என்னம்மா?"

நல்லம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள். "பேரு தாள்ல போட்டிருக்குதுங்க. பெரியவங்கள எப்படிப் பேரு சொல்லிக் கேக்குறது? நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, கைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துக் காட்டினாள்.

திருமதி இராஜம்மா.

ரமணி தாளை வாங்கி மேசைமேல் விரித்தாள். கிள்ளான் தாய்மார்கள் நம்பிப் பேசவேண்டும் என்று யோகநாதன்தான் வயதான ஒரு பெயராகப் பார்த்துப் போட்டிருந்தார். லெட்சுமி என்றால் சின்னப் பெண்; பெயர் சொல்லலாம். மார்க்கிரட் ஆங்கிலத்தில் கேட்கிறவர்களுக்கு. அங்கே கூச்சமே இல்லை. இராஜம்மாவை எப்படிச் சொல்வது? வெறும் 'அக்கா', 'ஆன்டி', 'டீச்சரம்மா' என்று கேட்டு எத்தனையோ அழைப்புகள் வந்திருந்தன. அவள் அவற்றை எந்தப் பெயருக்கு நேராகவும் போடாமல் விட்டிருந்தாள். மரியாதை வந்து கணக்கை விழுங்கியிருந்தது.

"நான்தான்லா அந்த அக்கா" என்றாள்.

"நீங்களா! கொரலக் கேட்டு வயசானவங்கன்னு நெனச்சேன்."

"கொரலுக்கு மட்டும் வயசாயிருச்சும்மா. தெனம் ரெண்டு பஸ்."

மகளைச் சேர்த்து அனுப்பிய பிறகு, இனி வருகிற அக்காக்களை எல்லாம் இராஜம்மா கணக்கில் சேர்த்தால் என்ன என்று யோசித்தாள். அதுவும் சரிவராது. காஜாங் போல வேறு ஊர்களில் பத்திரிகை பார்த்தவர்களும் அக்கா என்றுதான் கேட்பார்கள். வாயைத் திறக்கவே தேவையில்லாத ஓர் அடையாளம் வேண்டும்.

கடைவீடுகளின் பின்பக்கச் சந்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு இருக்கும். சுருண்டு சுருண்டு மேலே ஏறும். இந்தக் கட்டடத்திலும் இருந்தது. யாரும் அதில் ஏறுவதில்லை. ரமணி மறுநாள் யோகநாதனிடம் போனாள்.

"சார், கிள்ளான் தாள்ல பேரே வேணாம். 'பின் சந்துப் படிக்கட்டு வழியாக வரவும்'னு மட்டும் போடுவோம். பின்னால ஏறி வந்தா கிள்ளான். முன்னால வந்தா மத்தது. வாயால சொல்ல வேணாம், கால் சொல்லிரும்."

யோகநாதனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தானே போய்ப் பின்கதவைத் திறந்து, படிக்கட்டில் ஒருமுறை இறங்கி ஏறிப் பார்த்தார். சட்டையெல்லாம் துரு. "நல்ல மூளை பிள்ளை உமக்கு!"

புதுத் தாள் போனது. ஆட்கள் பின்னால் வரத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அண்டா கழுவும் தண்ணீரில் கால் நனைந்து, "என்ன அக்கா, இதுதான் வாசலா?" என்று முனகிக்கொண்டே வந்தார்கள். எந்த அளவீடும் முழுச் சுத்தமாக இருக்காது. இதிலும் அழுக்கு இருந்தது. கடைச் சமையல்காரர் வேலாயுதம் ஓசியில் தொலைபேசி பேசுவதற்கு அதே படியில் ஏறி வந்தார். "என்னையும் ஒரு கோடு போட்டுக்கோ தங்கச்சி." "ஒங்களச் சேத்தா இது சமையல் காலேஜ் ஆயிரும்ணே." அவரை விட்டுவிட்டே எண்ணினாள்.

இரண்டு கதவுக்கும் மாறி மாறி ஓடியதில் இடுப்பு வலித்தது. ஆனால் கிள்ளான் கோடுகள் வளர்ந்தன. பூமணியைத் தாண்டின. மார்க்கிரட்டைத் தாண்டின. சேர்க்கை முடியும் வாரத்தில் லெட்சுமியையும் தாண்டி, பலகையின் விளிம்பைத் தொட்டு நின்றன.

வெள்ளிக்கிழமை யோகநாதன் பலகைக்கு முன்னால் நின்றார். "பாத்தீரோ! கிள்ளான்தான் முதல்!"

"அப்ப கிளை, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத்தான் யோசிக்கிறன். கிள்ளான் ஆக்கள் இவ்வளவு பேர் இஞ்சை வருகினம். வாற ஆக்களுக்காக நாங்கள் ஏன் அங்கை போய்க் கடை விரிக்கவேணும்? இனிக் காஜாங்குக்கும் ஒரு தாள் அடிப்பம். வேற படி ஏதும் இருக்கோ?"

ரமணி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அயர்ச்சிதான் வந்தது. பலகையில் தப்பு இல்லை. தாள் ஆளைக் கூட்டிவருமா என்று கேட்டார்கள். வரும் என்று அது சொல்லிவிட்டது. அவளுக்கு வேண்டிய கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

"சார், இது வந்தவங்க கணக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "தாளப் படிச்சிட்டு, ரெண்டு பஸ்ஸா, பொம்பளப் புள்ள இருட்டுல எப்படித் திரும்பும்னு கீழ போட்டவங்க இருப்பாங்க. அவங்க எந்தப் படியிலயும் ஏறல. அவங்களுக்குத்தான் கிளை."

"சரி. வராத ஆக்களை எப்படிப் பிள்ளை எண்ணுறது?"

நியாயமான கேள்வி. அவளும் யோசித்துப் பார்த்தாள். அதற்கு ஒரு வழி இருந்தால் சொல்லியிருப்பாள், சந்தோஷமாகவே சொல்லியிருப்பாள்.

"ஒருத்திய எண்ணலாம் சார். திங்கக்கெழமையிலேருந்து நான் வரல."

"பகிடி விடாதேயும். போய் பஸ்ஸைப் பிடியும், மழை வருது."

அவள் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை பாலன் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். ரமணி கலைந்த தலையோடு வந்து திறந்தாள்.

"என்ன, ஒடம்பு சரியில்லையா? பஸ் போயிருக்குமே!"

"போயிருச்சு லா" என்றாள். உள்ளே போய்த் திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

இனி என்ன செய்யப்போகிறாள் என்று கேட்க அவன் வாயெடுத்தான். அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.