லோடு வைக்காமல் இறுக்கிய செயின்

1

இந்தக் கதையைக் கோபத்தில்தான் தொடங்கினேன், மறைப்பானேன். 1986 பங்குனியில் போடியில் என் பழைய புல்லட்டுக்குப் புதுச் செயின் மாட்டினேன். செயினை இறுக்கும் முன்பு மெக்கானிக் என்னையும் என் மனைவியையும் வண்டிமேல் ஏறி உட்காரச் சொன்னார். நடுக்கடைத்தெருவில் கொலு பொம்மைபோல் உட்கார்ந்திருந்தோம். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

“இப்பிடிப் பாக்காம இறுக்குனதுல ஒரு ஆளு செத்துப்போனான் சார்” என்றார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. மிச்சமெல்லாம் நான் கட்டியது. கோபம் மட்டும் கட்டியது இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘ஏலக்காய் மணம் தவழ்ந்து வந்த அந்த இனிய காலையில் ஒச்சப்பன் தன் பட்டறையைத்—’

அடித்துவிட்டேன். போடி என்று எழுதினால் ஏலக்காய் மணந்தே தீர வேண்டுமா? ஒச்சப்பன் பட்டறையில் மணந்தது கிரீசும் மண்ணெண்ணெயும்.

இரண்டாம் தொடக்கம்: 1979. எஸ்டேட் சூப்பர்வைசர் சீனிச்சாமியின் பழைய புல்லட் பட்டறை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. தேய்ந்த செயினின் வாலில் புதுச் செயினின் தலையைக் கோத்து இழுக்கிறான் மெக்கானிக் ஒச்சப்பன். பழையது வெளியே வர வர, புதியது பல்சக்கரத்தைச் சுற்றித் தானாக உள்ளே போகிறது. இரண்டு முனைகளையும் சேர்த்து லாக் போடுகிறான். லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பார்க்கிறது. இதுவரை வேலை சுத்தம்.

இனிதான் செயினின் ஆட்டம் பார்க்க வேண்டும். ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், அமுங்கினால் செயின் இன்னும் இறுகும். அதனால் மலையேறுகிற வண்டி என்றால் எத்தனை பேர் போவார்களோ அத்தனை பேரையும் ஏற்றி உட்காரவைப்பான் ஒச்சப்பன். அப்போதும் செயின் ஒரு விரல் அளவு மேலும் கீழும் ஆட வேண்டும். ஆடினால்தான் வண்டியைக் கொடுப்பான்.

3

இந்த வண்டியில் இரண்டு பேர் போவார்கள். பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி உட்காருகிறவன் அமாவாசை. எஸ்டேட் ஸ்டோருக்குக் காவல்காரன், ஒச்சப்பனின் தங்கை ராமுத்தாயின் புருஷன். ஊருக்குள் மட்டும் அவன் அந்த சீட்டில் உட்காரக் கூடாது. மூட்டையோடு பஸ்சில் முந்தல் வரை போய், மலையடிவாரத்தில், தெரிந்தவர் கண்ணில் படாமல் ஏறிக்கொள்ள வேண்டும்.

(அடிக்குறிப்பு: ஏன் கூடாது என்று கேட்கிற வாசகர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்து வைத்தவர்.)

“அய்யா, லோடு வச்சு ஆட்டம் பாக்கணும். மாப்ள பின்னாடி ஏறட்டும்” என்றான் ஒச்சப்பன், ஓரமாக நின்ற அமாவாசையைக் காட்டி.

கடைத்தெருவில் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனிச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாரு, இவனா? என் வண்டியிலயா? நான் ஒத்தையாத்தான்டா போறேன்!”

“அப்ப ஆட்டம் கொஞ்சம் கூட விடுறேங்கய்யா.”

சீனிச்சாமி செருப்புக் காலால் செயினை உதைத்துப் பார்த்தான். (மரியாதையாகத்தான் எழுத நினைத்தேன். முடியவில்லை.) அது கலகலத்தது.

“புதுச் செயின் போட்டும் ஓட்ட வண்டி மாதிரி சத்தமா? இறுக்குறா, வெரசா!”

ஒச்சப்பன் திரும்பி அமாவாசையைப் பார்த்தான். அமாவாசை வேண்டாம் என்று தலையசைத்தான்.

“விட்டுரு மச்சான்” என்றான் மெதுவாக. வாயைத் திறந்தால் மறுநாள் ஸ்டோர் வாசலில் வேறு ஆள் நிற்பான்.

சொல்லித் தொலையேன்டா, ரெண்டு பேர் போற வண்டின்னு சொல்லேன்டா! என் மேசையில் உட்கார்ந்து நானே கத்தினேன். ஒச்சப்பன் காதில் விழவில்லை. அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை இரு பக்கமும் சமமாகப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி முடுக்கினான். செயின் கொடிக்கம்பிபோல் விறைத்து நின்றது.

4

அமாவாசை பிழைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பிரதி எழுதினேன். அதில் சீனிச்சாமி அவனை ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான், கண் கலங்குகிறான், வாசகர் அவனை மன்னிக்கிறார்— கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். போடிமெட்டுக்கு ஏறும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. பின்சக்கரம் குழியில் இறங்கியதும் செயின் அறுந்து, சக்கரத்தில் சுருண்டு, அதைச் சுற்றவிடாமல் பூட்டிவிட்டது. அமாவாசை பாறையில் தலை மோதி அங்கேயே செத்தான். சீனிச்சாமிக்கு முழங்கையில் சிராய்ப்பு. எஸ்டேட் ஜீப்பில் வந்தவர்கள் முதலில் சிதறிக் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளினார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் சீனிச்சாமி எழுதிக் கொடுத்தான்: நான் தனியாகத்தான் வந்தேன், அவன் குடித்துவிட்டு ரோட்டில் குறுக்கே வந்து விழுந்தான். தனியாகத்தான் போகிறேன் என்று அவன் சொன்னதைக் கேட்டவர்கள் கடைத்தெருவில் பத்துப் பேர் இருந்தார்கள். எஸ்டேட்டில் எல்லோருக்கும் உண்மை தெரியும், எல்லோருக்கும் வேலையும் வேண்டும்.

5

மூன்றாம் நாள் ராமுத்தாய் பட்டறைக்கு வந்தாள். அவளை அழவைக்க முயன்றேன். அழ மாட்டேன் என்றுவிட்டாள்.

“அண்ணே, ஸ்டேசனுக்கு வா. எம்புருசன் குடிச்சுட்டுக் குறுக்க விழுகல, அந்தாளு வண்டியில ஒக்காந்துதான் தெனமும் போனாருன்னு சொல்லு.”

ஒச்சப்பன் கையில் இருந்த கிரீசைத் துணியில் துடைத்தான். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“சொல்லலாம் ஆத்தா. ரெண்டு பேரு போறது தெரிஞ்சும் ஏன்டா இறுக்குனேன்னு கேப்பாகளே.”

“கேப்பாக” என்றாள் ராமுத்தாய். “நானுந்தான் கேக்குறேன்.”

6

ஒரு முடிவில் அவன் ஸ்டேஷனுக்குப் போகிறான். இன்னொன்றில் படிவரை போய்த் திரும்பி வருகிறான். மூன்றாவதில் ராமுத்தாய் தனியாகப் போகிறாள், அவளை யாரும்—

மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் கேட்டதற்கு அவன் வாயில் வைக்க என்னிடம் ஒரு பதிலும் இல்லை. பதில் சொல்லாத ஆளை எந்த ஸ்டேஷனுக்கு அனுப்புவது? ராமுத்தாய் இன்னும் பட்டறை வாசலில்தான் நிற்கிறாள், ஸ்டூலை இழுத்துப் போட்டாலும் உட்கார மாட்டேன் என்கிறாள். ஒச்சப்பனை விடுங்கள். அன்றைக்குக் கடைத்தெருவில் நின்று வேடிக்கை பார்த்த பத்துப் பேரில் நீங்கள் ஒருவர். அவள் இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள், அன்று கண்டதைச் சொல்லுங்கள்.