பிடிக்கலேன்னா டார்ச் அடிங்க

படம் எடுத்தவனுக்கு முதல் காட்சி அன்று பயம் வருவது சகஜம்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைரக்டர் பயந்தது படத்தை நினைத்து அல்ல. மூன்றாவது வரிசை ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் அக்காவை நினைத்து.

அக்கா சலவைக்கடைக்காரி. துவைத்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிலிருந்த கறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. "சாப்பிட்டீங்களா, இல்ல சட்டைக்கு ஊட்டி விட்டீங்களா?" என்பாள். வந்தவர் முகம் தொங்கிப்போகும். அடுத்த வாரமும் அவரே வருவார், கறை போயிருக்குமே.

தம்பி வேலையை உதறிவிட்டு, சினிமாதான் என்று பெட்டியும் கையுமாக வந்து நின்ற அன்று, இரும்புக் கேட்டைத் திறக்காமல் கொட்டுகிற மழையில் நிறுத்தி வைத்தே அத்தனை கேள்வியும் கேட்டவள் அவள். கேட்டு முடித்ததும் மாடி அறைச் சாவியைக் கம்பி வழியாக நீட்டினாள். இன்றுவரை அந்த அறையில்தான் அவன் ஜாகை. அங்கே உட்கார்ந்துதான் அவளையே கதாநாயகியாக்கிப் படம் எழுதினான். அவளிடம் மூச்சு விடவில்லை.

அவளுக்கு மாறுவேடம் போட்டுத்தான் எழுதினான். சலவைக்கடை மருந்துக்கடையானது. "பேதி மாத்திரையா? மெதுவா கேட்டா மெதுவா நிக்குமா?" என்று படத்துக்காரி நாலு பேர் முன்னால் கேட்பாள். மழை வெயிலானது. சாவியை மட்டும் எழுதவே இல்லை. எழுதினால் ஆள் யாரென்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும் என்று பயம்.

தயாரிப்பாளர் இரும்புக் குழாய் மொத்த வியாபாரி. படத்தை முதலில் பார்த்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தம்பி, இவளோட ரெண்டு மணி நேரம் உட்காரணும்னா நான் என் சகலையோடயே உட்கார்ந்திருப்பேனே. யாருக்கய்யா இவளைப் பிடிக்கும்? மூணு நல்ல காரியம் பண்ணச் சொல்லு."

"அவ அப்படிப்பட்டவ இல்ல சார்."

"சரி, ரெண்டு."

"ஒண்ணு வேணா பார்க்கலாம்."

"ஒண்ணுன்னா பெரிசா இருக்கணும். கிட்னி குடுக்கட்டும்."

"ஒரு பூனைக்குட்டிக்குப் பால் ஊத்தட்டுமே சார்."

"மழையில."

"சரி, மழையில."

பேரம் படிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் பூனையே இல்லாமல் முடித்திருக்கலாம். ஆனால் டைரக்டருக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒருவேளை அக்கா கண்டுபிடித்துவிட்டால், "உன்னை நல்லவளாத்தானே காட்டியிருக்கேன்" என்று கைநீட்டிக் காட்ட ஒரு பூனையாவது இருக்கட்டும்.

அந்தப் பூனையும் தயாரிப்பாளருக்குப் போதவில்லை. தட்டிப் பார்க்காமல் அவர் ஒரு குழாயைக்கூட வாங்கியதில்லை. படத்தில் வேலை செய்த எல்லோரும் வீட்டு ஆட்களைக் கூட்டி வரவேண்டும் என்று உத்தரவு போட்டு, ஒரு சின்ன அரங்கை வாடகைக்குப் பிடித்தார். வாசலில் நின்று ஆளுக்கொரு குட்டி டார்ச் கொடுத்தார்.

"அவ பண்றது பிடிக்கலேன்னா திரையைப் பார்த்து அடிங்க. பிடிச்சிருந்தா இருட்டாவே இருக்கட்டும்."

அக்கா டார்ச்சை வாங்கி, ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. டைரக்டர் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். பேதி மாத்திரை வசனத்துக்கே திரையில் வெளிச்ச வட்டங்கள் மொய்க்க ஆரம்பித்துவிட்டன. கதாநாயகி வேலைக்காரப் பெண்ணின் லீவை மறுத்தாள், வட்டங்கள் கூடின. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் பையனுக்கு என்ன மாத்திரை போகிறதென்று விசாரித்தாள்; "அடிப்பாவி!" என்று ஒரு குரல். கழிப்பறைக்குப் போன ஒருவர் ஈரக் கையை உதறிக்கொண்டே ஓடிவந்து, "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று பக்கத்தில் இருந்தவரை நச்சரித்தார்.

அவன் கண் மூன்றாவது வரிசையை விட்டு நகரவில்லை. அந்த டார்ச் மட்டும் எரியவே இல்லை. தூங்கிவிட்டாளா? கோபத்தில் விறைத்துப்போயிருக்கிறாளா? தூங்கிவிட்டால் தேவலை என்று தோன்றியது.

கேட் காட்சி வந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் பெட்டியோடு தம்பி வெளியே. கம்பிக்கு உள்ளே கதாநாயகி. "எதுக்கு வந்தே?" என்று அவள் கேட்டதும் அரங்கமே பட்டப்பகலானது. அத்தனை டார்ச்சும் அவள் முகத்தில். அந்த வெளிச்சத்தில் அக்காவின் பின்னந்தலை அசையாமல் தெரிந்தது. டைரக்டர், மாடியில் இருக்கும் தன் சாமான்களை எத்தனை பெட்டியில் அடைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

பிறகு மழை. பூனைக்குட்டி. பால். டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அங்கங்கே செல்போன்கள் நீலமாக மினுங்கின. நாற்காலிகள் கிரீச்சிட்டன. கதவு இரண்டு முறை திறந்து மூடியது.

அப்போதுதான் மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து ஒற்றை வெளிச்சம் கிளம்பிப் போய்ப் பூனையின் மேல் விழுந்தது. பூனை பாலைக் குடித்து முடிக்கும்வரை அது அணையவில்லை.

படம் முடிந்து முன்கூடத்துக்கு வந்ததும் தயாரிப்பாளர் அவன் தோளைத் தட்டினார். "பார்த்தியா, பூனை வந்ததும் எல்லாரும் அடங்கிட்டாங்க. ஒரே ஒரு டார்ச்தான். யாருய்யா அது?"

"நான்தான்," என்றபடி அக்கா வந்து நின்றாள்.

"நீங்க யாரும்மா?"

"மருந்துக்கடைக்காரி."

தயாரிப்பாளர் டைரக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். வியாபாரியாயிற்றே, விஷயம் புரிந்துவிட்டது.

"ஏம்மா, பூனை நல்லாத்தானே இருக்கு?"

"டார்ச் அடிச்சவங்க ஒருத்தராவது எழுந்து போனாங்களா? பூனை வந்ததும் என் பக்கத்துல இருந்தவர் கொட்டாவி விட்டாரு. தொண்டை வரைக்கும் தெரிஞ்சுது."

"வேணும்னா பாதியாக் குறைச்சுடலாம்."

"பாதிப் பூனையை நீங்களே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க."

"மழையையாவது வெச்சுக்கலாமே?"

"அன்னிக்கு நெஜமாப் பேஞ்ச மழையையே வெயிலாக்கிட்டான். இப்போ பூனைக்கு எதுக்கு மழை?"

தயாரிப்பாளர் தாடையைச் சொறிந்தார். "என் சகலையும் வந்திருந்தாரு. ஆரம்பிச்சதுலேர்ந்து பூனை வர்ற வரைக்கும் டார்ச்சை அணைக்கவே இல்ல, சுத்தமாப் பிடிக்கலையாம். மறுபடி எப்போ போடுவீங்கன்னு கேட்டுட்டுப் போறாரு." பெருமூச்சு விட்டார். "நீங்க அக்காளும் தம்பியும் பேசிக்கோங்க. பூனைக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

வீடு வந்ததும் கேட்டுக்குள் முதலில் போன அக்கா திரும்பி, தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் வெளியே.

"மாடிச் சாவியைக் குடு."

கொடுத்தான்.

"கேட் சீன் சரியாத்தான் வந்திருக்கு. அப்படித்தான் கேட்டேன். சாவி எங்கேடா?"

"அதைப் போட்டா நீதான்னு தெரிஞ்சுடுமேன்னு..."

"யாருக்கு? எனக்கா?"

அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைக் கெட்டவளாக் காட்டு, காட்டிட்டுப் போ. நான் குடுத்த சாவியைப் பிடுங்கிட்டு என் கையில பூனையைக் குடுத்திருக்கே பாரு. நான் எப்போடா பூனையைத் தொட்டேன்?"

"அக்கா, உண்மையில உன்னை நல்லவளாக் காட்டணும்னுதான் நான்..."

கைப்பையிலிருந்து டார்ச் வெளியே வந்தது. திருப்பிக் கொடுக்காமலே கொண்டுவந்திருக்கிறாள். நேராக அவன் முகத்தில் அடித்தாள். சாயங்கால வெயிலில் அந்த வெளிச்சம் சரியாகத் தெரியக்கூட இல்லை. ஆனாலும் அவன் பேச்சு பாதியில் நின்றது.

"எதுக்கு வந்தே?" என்று கேட்டாள். அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

"அக்கா, படம் நல்லா வரணும்னுதான்..."

டார்ச் அணையவில்லை.

"ப்ரொட்யூசர்தான் பிடிவாதமா..."

அணையவில்லை. தெருவில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்.

"பயந்துட்டேன்க்கா. நீ வெளியே போகச் சொல்லிட்டா எனக்குப் போக்கிடம் இல்ல."

டார்ச் அணைந்தது. கம்பி வழியாகச் சாவி நீண்டது. அவன் பிடித்துக்கொண்டான். அவள் விடவில்லை.

"பூனை?"

"எடுத்துடறேன்."

"எப்போ?"

"இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன்க்கா."

அவன் மறுகையால் போனை எடுத்து எண்ணைத் தேடும்வரை, சாவியின் இன்னொரு முனை அவள் கையில்தான் இருந்தது.