இஸ்பிராண்ட் இருந்த பக்கம்

யுஸ்தினா அன்றும் வலப்பக்கம்தான் திரும்பினாள்.

அவளைக் கூப்பிட்டது அம்மா அகனேத்தா. அவள் நின்றது அடுப்படியில், பெஞ்சுக்கு இடப்பக்கம். பிள்ளையோ கையில் ரொட்டியோடு வலப்பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து, "என்ன?" என்று கேட்டாள். சுவரோரப் பெஞ்சின் அந்தக் கோடி இஸ்பிராண்டின் இடம். போன குளிர்காலத்தில் தட்டம்மை கண்டு, நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போன மூத்த பையன் அவன். அந்த இடத்தில் உட்காரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை, யாரும் உட்காரவுமில்லை.

இப்படி நடப்பது முதல் தடவையல்ல. ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் நடந்தது. நல்ல வெயிலில், சன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்கள் அசையாமல் நிற்கும்போது, பிள்ளை யாருமில்லாத இடத்துக்குப் பதில் சொன்னாள். அகனேத்தா முதலில் பயந்தாள். பிறகு பயம் போய், வந்திருப்பது இஸ்பிராண்டோ என்ற ஆசை வந்தது. பேய்கூட ஒருநாள் ஒழிந்துபோகும், இந்த ஆசை இருக்கிறதே, அது லேசில் போகாது.

வெளியே சொல்லவும் வழியில்லை. செத்தவர்கள் கடைசி எக்காளம் ஊதும்வரை தூங்குவார்கள் என்பது போதகரின் கட்சி. அது போக, ஒரு வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டில் கஷாயம் வைக்கிற ஊர் அது. ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டு, மகனைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அவள் மனசில் ஒரு முள் இருந்தது. கிழக்குக் குடியிருப்பில் அக்காள் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குடியிருப்புச் சனங்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வீட்டுப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனாள். நோய் கண்ட வீட்டுக்குப் போகாதவள் உறவை அறுத்தவள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால், எங்கள் பிள்ளைகள்மேல் அருவருப்பா என்று கேட்டே விடுவார்கள். எல்லாரும் ஒரே மேசையில் ரொட்டியும் பழப்பாகும் தின்று காப்பி குடித்தார்கள். இஸ்பிராண்டும் யுஸ்தினாவும் காய்ச்சல்காரப் பையனின் கட்டிலிலேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தார்கள். பாசத்தைக் காட்டப் போய்ப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது கைக்குழந்தையாக இருந்த கடைசிப் பையன் யாக்கோப் மட்டும் எப்படியோ தப்பினான்.

யுஸ்தினா பிழைத்தாள். எழுந்த பிறகு கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துத் தள்ளாடி நடந்தாள். பலவீனம் என்றார்கள். ஒருநாள், இடது காதுக்குள் யாரோ முனகுகிறார்கள் என்றாள். அகனேத்தா அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "இஸ்பிராண்ட் பால் கறக்கறப்ப முனகுவானே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். பிள்ளை அம்மாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"ஆமாம்மா. அதே மாதிரிதான்."

அன்றிலிருந்து அகனேத்தா அழுவதை விட்டாள்.

வசந்தத்தில் மேற்குக் குடியிருப்பில் மறுபடியும் அம்மை என்றார்கள். பாலாடைக்கட்டி ஆலை வாசலில் தடுப்பூசி வண்டி வந்து நின்றது. அதில் வேலை பார்த்த ஹெலேனா அகனேத்தாவின் சித்தி மகள். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே காப்பிக்கு வந்து உட்கார்ந்தாள். யாக்கோபுக்கு ஊசி போடுகிற வயது வந்துவிட்டது, நாளைக்கே தூக்கி வா என்றாள். அகனேத்தா பிடிகொடுக்கவில்லை. இவனை இவன் அண்ணன் பார்த்துக்கொள்வான் என்பது அவள் மனக்கணக்கு. கணவன் தீத்ரிக்குக்கு வேறு கணக்கு.

"அந்த ஊசி போட்டா காது அடைச்சுப்போகுமாம். ஆலையில பேசிக்கிறாங்க," என்றான்.

ஹெலேனா யுஸ்தினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கமாகப் போய் நின்று மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை வலப்பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இவளுக்கு இடது காது கேக்கலை," என்றாள் ஹெலேனா. "ஒரு காது போயிட்டா எந்தச் சத்தமும் நல்ல காது பக்கத்திலேருந்தே வர்ற மாதிரி இருக்கும். செத்த காதுல உய்ங்குன்னு இரைச்சல் வேற இருக்கும். அம்மை உள்காதுக்கு இறங்கியிருக்கு." பிறகு தீத்ரிக்கிடம் திரும்பினாள். "இவளுக்கு எந்த ஊசியும் போடலையே அத்தான். அப்ப இதை அடைச்சது எது?"

தீத்ரிக் விதைத் தோலைத் துப்பிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனான்.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும் என்றாள் ஹெலேனா. போன காது திரும்புவது சந்தேகம்தான், ஆனால் அதே ஊசி பொன்னுக்குவீங்கியையும் தடுக்கும், அந்த நோயும் காதைத் தின்கிற நோய்தான். "அம்மை வந்தவதானேன்னு இவள விட்டுடாதீங்க. இவளுக்கு மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். நம்பலேன்னா வலது காதைப் பொத்திட்டு, இடது காதுல பேசிப் பாருங்க."

அகனேத்தாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது உனக்கென்ன தெரியும் என்று கேட்டுவிட்டாள். ஹெலேனா காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல யுஸ்தினாவை முன்னால் உட்காரவைத்துப் பின்னல் போட்டாள். தலைமயிர் இழுபட இறுக்கிப் பின்னுவது அவர்கள் வழக்கம். விரல்கள் காதுகளை உரசி உரசிப் போய்வந்தன. பொத்திப் பார்க்க ஒரு கணம் போதும். பொத்தினால் என்ன தெரியுமோ, அது தெரிய வேண்டாம் என்றிருந்தது. ஆனால் தொட்டிலில் யாக்கோப் இருமினான். சாதாரண இருமல்தான். போன குளிர்காலத்திலும் ஓர் இருமலில்தான் எல்லாம் தொடங்கியது.

அவள் பின்னலை விட்டுவிட்டு, வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். குனிந்து இடது காதோரம் மெல்லச் சொன்னாள்.

"இஸ்பிராண்ட் வந்திருக்கான்."

பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் அண்ணன் கூப்பிடறான்டி."

கால் அதே போக்கில் ஆடியது. அகனேத்தா கையை எடுத்தாள். இடப்பக்கம் நின்றபடியே பெயரைச் சொன்னாள். யுஸ்தினா வலப்பக்கம் திரும்பி, "என்ன?" என்றாள்.

"அங்க யாருடி இருக்கா?"

"யாருமில்லம்மா. நான்தான் எப்பவும் தப்பாத் திரும்புறேன்."

"அப்ப அந்த முனகல்?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். "கெட்டில் கொதிக்கற மாதிரி இருக்கும். நிக்கவே நிக்காது. அவன்னு சொன்னதும் நீ அழறத நிறுத்திட்டே. அதான் அப்படியே விட்டுட்டேன்."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்தப் பிள்ளையின் மனம் கல்லாக இல்லாமல் போனதுதான் வினை. ஓயாத இரைச்சலைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, அதற்கு அண்ணன் பெயரைச் சூட்டி, அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். இஸ்பிராண்ட் முதல் தடவை செத்தபோது ஊரே வந்து உட்கார்ந்தது, ரொட்டி சுட்டது, பாடியது. இந்த இரண்டாம் சாவுக்கு ஒருவரும் வரவில்லை. பாதிப் பின்னலோடு ஒரு சிறுமி மட்டும் அகனேத்தாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னலை முடித்தாள். யாக்கோபை இடுப்பில் வைத்து, யுஸ்தினாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலைக்கு நடந்தாள். தீத்ரிக் தொழுவத்திலிருந்து பார்த்தான், தடுக்கவில்லை. ஹெலேனா இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாள். யாக்கோப் ஊரைக் கூட்டினான். யுஸ்தினா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு அகனேத்தா மேசையருகே நின்றாள். அவள் நாற்காலி எப்போதும்போல அடுப்புப் பக்கம் இருந்தது. அதில் உட்காரவில்லை. மேசையைச் சுற்றிப் போய், சுவரோரம் நுழைந்து, பெஞ்சின் வலக்கோடியில் இஸ்பிராண்டின் இடத்தில் உட்கார்ந்தாள். தீத்ரிக்கின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"யுஸ்தினா," என்றாள்.

பிள்ளை வலப்பக்கம் திரும்பினாள். அங்கே அம்மா இருந்தாள்.