சாய்ரா திருப்பிக் கொடுத்த கேஸ் கட்டு

சிதம்பரத்தில் வக்கீலாக இருந்த சாய்ரா பத்து வருடமாக முதலாளிகளுக்காகவே வாதாடி வந்தாள். வேலையில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், ரைஸ்மில்காரர்களும் படகுக்காரர்களும் முதலில் தேடுவது அவளைத்தான். சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்கள். "கேஸ் போட்டவுங்க சொல்றதெல்லாம் நெசமாயிடுமா? அந்தப் பக்கமும் ஒருத்தர் பேசணும்ல?" என்பாள்.

2008இல் காட்டுமன்னார்கோயில் மில் முதலாளி மணவாளன் வந்தார். அவர் மில்லில் அமராவதி என்ற பெண்ணுக்கு மெஷின் பெல்ட்டில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. அவள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தாள்.

"அது எங்க ஆளே இல்ல வக்கீலம்மா. தவிடு வாங்க வந்துச்சு."

சாய்ரா அதை நம்பினாள். கடலூரில் நடந்த குறுக்கு விசாரணையில் அமராவதியிடம் அப்படியே கேட்டாள்.

அமராவதி விரலில்லாத கையை மேசைமேல் வைத்தாள். "எட்டு வருசமா அங்க நெல்லு அவிக்கிறேன். தவிடு வாங்க வந்தவளுக்கு பெல்ட்டுகிட்ட என்னாங்க வேல? நீங்களே சொல்லுங்க."

சாய்ராவிடம் இன்னும் ஆறு கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் மணவாளன் மில்லின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். பதினோரு பேர், அமராவதி பெயர் இல்லை. சாய்ரா ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினாள். மில்லே மூடியிருக்கும் மாட்டுப் பொங்கலன்றுகூட பதினோரு பேரும் வேலைக்கு வந்ததாக எழுதியிருந்தது.

"இத எப்ப ஒக்காந்து எழுதுனீங்க?"

"எப்ப எழுதுனா என்னா? தாக்கல் பண்ணுங்க."

"மாட்டேன். அந்தம்மா ஒங்க ஆளுன்னு ஒத்துக்குங்க. கை எவ்ளோ பாதிச்சிருக்கு, சம்பளம் என்னா, அதுக்கெல்லாம் நான் சண்ட போடுறேன். பொய் ரெஜிஸ்தர் என் கையால போவாது."

"மில்லு சங்கத்துல ஒரு வார்த்த சொன்னேன்னா, எவனும் ஒங்க வாசப்படி ஏற மாட்டான்."

"தாராளமா சொல்லுங்க." கேஸ் கட்டை அவர் பக்கம் தள்ளினாள். அன்றே வழக்கிலிருந்து விலகிக்கொண்டாள்.

விலகிய காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்சிக்காரர் விஷயத்தை வெளியே விடக்கூடாது. மணவாளன் வேறு வக்கீலை வைத்து அதே பதிவேட்டைத் தாக்கல் செய்தார். அமராவதியின் வக்கீல் கோவிந்தசாமி கண்ணிலும் அந்த மாட்டுப் பொங்கல் பட்டது. பதிவேடு பொய்யென்று ஆகி, அமராவதிக்கு நஷ்டஈடு உத்தரவாயிற்று.

மணவாளனும் சொன்னதைச் செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் எந்த மில்காரரும் சாய்ராவிடம் வரவில்லை.

"பேசாம எங்க பக்கம் வந்துடும்மா," என்றார் கோவிந்தசாமி.

"ஏன் சார் வரணும்? மொதலாளின்னா பொய் சொல்ற வக்கீல்தான் கெடைக்கணுமா? நான் இங்கதான் நிப்பேன்."

2011இல் கடலூர் படகுக்காரர் சடையப்பன் வந்தார். அவரிடம் வேலை பார்த்த ஒருவன், தன் வீட்டு மாடியிலிருந்து விழுந்துவிட்டு, படகில் விழுந்ததாக அவர்மேல் வழக்குப் போட்டிருந்தான். அவனுக்கு வக்கீல் கோவிந்தசாமி.

"நடந்தத மட்டும்தான் எங்கிட்ட சொல்லணும். ஒண்ணு கூடக்கொறச்சு இருந்தாலும் எந்திரிச்சிப் போயிடுவேன்," என்றாள் சாய்ரா.

சடையப்பன் சொன்னார். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தாள். மாடியிலிருந்து விழுந்ததாகவே அதில் எழுதியிருந்தது. வழக்கு தள்ளுபடியானது.